காத்தாடிக்குச் சூத்திரம் போடத் தெரிந்தவர்களுக்கு ஏரோஸ்பேஸ்

எங்கள் தெருவில் வருஷத்துக்கு ஒருவராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுவார்கள். இந்த வருஷம் கேட்டது எதிர்வீட்டு அக்கா. காசிமேட்டில் ஏலம் முடிந்து வந்தவர், மீன்கூடையை வாசலில் இறக்கிவைத்த கையோடு ஆரம்பித்தார்: "இன்னா தம்பி, பாப்பா ஏதோ ஏரோஸ்பேஸ் படிக்கப் போறேன்னுது. அது ப்ளேன் ஓட்றதா, ரிப்பேர் பாக்கறதா?"

பாப்பா என்பது பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள். மாநகராட்சிப் பள்ளி, தமிழ் வழி. அம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, 'நீங்களே சொல்லுங்க' என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"ரெண்டும் இல்லக்கா. உங்க போட்டுல டிரைவர் ஒருத்தர் இருக்காரு. எஞ்சின் மக்கர் பண்ணா வந்து பாக்கற மெக்கானிக் ஒருத்தர் இருக்காரு. ஆனா அந்த போட்டு எத்தினி அடி நீளம், அடிப்பக்கம் எப்படி வளையணும், எவ்ளோ ஐஸ் ஏத்தினா தாங்கும்னு முன்னாடியே கணக்குப் போட்டவரு ஒருத்தர் இருக்காருல்ல? அந்த மூணாவது ஆளுதான் இது."

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. பாப்பாவுக்குத்தான் அதற்கப்புறம் நூறு கேள்வி. அன்றைக்கும் அடுத்து வந்த சில ஞாயிற்றுக்கிழமைகளிலும் மொட்டை மாடியில் அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் கோர்வையாக எழுதுகிறேன். நான் இந்தப் படிப்பைப் படித்தவன், தண்டையார்பேட்டையில் வளர்ந்தவன். அதனால் உதாரணமெல்லாம் இந்தப் பக்கத்து உதாரணமாகத்தான் இருக்கும்.

முதலில் அக்கா கேட்டதை முடித்துவிடுவோம். விமானம் ஓட்டுவது பைலட் வேலை. அதற்கு வணிக விமானி உரிமம் வேண்டும், அந்த உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பொறியியல் பட்டம் கட்டாயமில்லை. விமானத்தைப் பார்த்துப் பழுது நீக்கி 'இது பறக்கலாம்' என்று கையெழுத்துப் போடுவது பராமரிப்புப் பொறியாளர் வேலை. அதற்கும் தனி உரிமம், தனிப் படிப்பு. விமான நிலையக் கவுன்டரில் நிற்பதும் பயணிகளைக் கவனிப்பதும் வேறொரு உலகம். இவை எல்லாவற்றையும் 'ஏவியேஷன் கோர்ஸ்' என்று ஒரே போர்டில் எழுதி வைத்து ஆள் சேர்க்கிற இடங்கள் இருக்கின்றன. பணம் கட்டுவதற்கு முன்னால், படிப்பு முடிந்ததும் கையில் கிடைப்பது பி.இ. அல்லது பி.டெக். பட்டமா, வெறும் சான்றிதழா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏரோநாட்டிக்கல், ஏரோஸ்பேஸ் என்று இரண்டு பெயர் வருவதும் பலரைக் குழப்பும். காற்று இருக்கிற உயரத்துக்குள் பறப்பவற்றைப் பற்றியது ஏரோநாட்டிக்கல். அதோடு ராக்கெட்டையும் செயற்கைக்கோளையும் சேர்த்துக்கொண்டால் ஏரோஸ்பேஸ். பட்டப்படிப்பு அளவில் இரண்டுக்கும் முக்கால்வாசிப் பாடம் ஒன்றுதான். பெயரைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

சரி, அப்படி என்னதான் படிக்கிறோம்? நான் பாப்பாவைக் கேட்டது: "காத்தாடிக்குச் சூத்திரம் போடத் தெரியுமா?"

தெரியாமல் என்ன? இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது கைவந்த கலை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: காத்தாடியின் நடுக்குச்சியில் மேலே ஓரிடத்திலும் கீழே ஓரிடத்திலும் துளையிட்டு நூல் கட்டி, இரண்டையும் முன்னால் ஒரு முடிச்சில் சேர்ப்பார்கள். அதுதான் சூத்திரம். பறக்கவிடும் நூல் அந்த முடிச்சிலிருந்துதான் போகும். கணக்குச் சூத்திரத்துக்கும் இதற்கும் ஒரே சொல் எப்படி அமைந்ததோ, ஆனால் பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது. மேல்நூல் கொஞ்சம் நீண்டுவிட்டால் காத்தாடி காற்றுக்கு எதிரே நெஞ்சை நிமிர்த்தி நிற்கும், இழுவை அதிகமாகும், மேலே ஏறாது. கீழ்நூல் நீண்டுவிட்டால் காற்றில் படுத்துக்கொள்ளும், படபடவென்று அடித்துக்கொண்டு சரியும். இரண்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை அளவில் சரியான இடம் இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கிற பையன் உண்மையில் சரிசெய்வது காற்றுக்கும் காத்தாடிக்கும் இடையிலான கோணத்தை. விமான இறக்கைக்கு இதே கோணத்தைக் கணக்கிடுவதில்தான் ஏரோடைனமிக்ஸ் என்ற பாடம் தொடங்குகிறது.

சாய்வான ஒரு பரப்பின் மேல் காற்று மோதும்போது அந்தக் காற்று கீழ்நோக்கித் திருப்பிவிடப்படுகிறது. காற்றை நீ கீழே தள்ளினால் அது உன்னை மேலே தள்ளும். இது நியூட்டனின் மூன்றாம் விதி, பள்ளியிலேயே படித்தது. அதே சமயம் இறக்கையின் மேற்புறம் காற்று வேகமாக ஓடுகிறது, அங்கே அழுத்தம் குறைகிறது. இவை இரண்டும் போட்டிக் காரணங்கள் அல்ல. ஒரே நிகழ்ச்சியை இரண்டு பக்கம் நின்று பார்ப்பதுதான். ஆனால் ஒரு தவறான விளக்கம் பல பாடக்குறிப்புகளில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. இறக்கையின் மேற்பக்கம் வளைந்து நீளமாக இருப்பதால், மேலே போகும் காற்று கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் பின்முனையில் சேர வேகமாக ஓடுகிறதாம். அப்படிச் சேர்ந்தே ஆகவேண்டும் என்று காற்றுக்கு யாரும் உத்தரவு போடவில்லை. உண்மையில் மேலே போன காற்று முன்னதாகவே பின்முனைக்குப் போய்விடுகிறது. முதல் நாள் வகுப்பில் பேராசிரியர் இதைக் கேட்டால் நீங்கள் தப்பித்தீர்கள்.

இப்போது கணக்கு. பாப்பாவுக்குச் சாக்பீஸால் மாடிச் சுவரில் எழுதிக் காட்டினேன். தூக்குவிசை என்பது பாதி பெருக்கல் காற்றின் அடர்த்தி பெருக்கல் வேகத்தின் வர்க்கம் பெருக்கல் பரப்பு பெருக்கல் ஒரு குணகம். அந்தக் குணகத்துக்குள்தான் வடிவமும் கோணமும் ஒளிந்திருக்கின்றன. காத்தாடியின் பரப்பு கால் சதுர மீட்டர் என்று வைத்துக்கொள். கடற்காற்று வினாடிக்கு 5 மீட்டர். காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1.2 கிலோ. குணகம் 0.8 என்று எடுத்தால் கிடைப்பது 3 நியூட்டன். அதாவது சுமார் 300 கிராமைத் தூக்கும் பலம். காகிதமும் குச்சியும் சேர்ந்து சில பத்து கிராம்தான், அதனால் ஜம்மென்று ஏறுகிறது. காற்று இரண்டு மடங்கானால்? "600 கிராம்" என்றாள். இல்லை, வேகம் வர்க்கத்தில் வருகிறது. 1,200 கிராம், நாலு மடங்கு. சாயங்காலம் காற்று கொஞ்சம் கூடினாலும் நூல் திடீரென்று விண்ணென்று இழுத்துக் கையை அறுப்பதற்குக் காரணம் அந்த வர்க்கம்தான். (சாதா நூலைத்தான் சொல்கிறேன். மாஞ்சா நூல் சாலையில் போகிறவர்களின் கழுத்தை அறுத்த ஊர் இது. அதற்குத் தடை இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.)

விமானத்துக்கும் இதே சூத்திரம்தான், எண்கள் மட்டும் பெரியவை. மே மாத வெயிலில் காற்று சூடாகி அடர்த்தி குறையும். அப்போது அதே எடையைத் தூக்க அதிக வேகம் வேண்டும், அதிக வேகத்துக்கு நீண்ட ஓடுபாதை வேண்டும், அது போதாவிட்டால் ஏற்றும் எடையைக் குறைக்க வேண்டும். அக்னி நட்சத்திரம் நம்மை மட்டும் வாட்டுவதில்லை.

கல்லூரியில் எனக்கு இன்றும் மறக்காத ஒரு பிற்பகல் உண்டு. காற்றுச் சுரங்கம் என்று ஒரு கருவி இருக்கும். பெரிய விசிறி ஒரு நீளமான பெட்டிக்குள் காற்றை இழுக்கும், நடுவே கண்ணாடி ஜன்னல், உள்ளே முழங்கை நீளத்துக்கு ஒரு மர இறக்கை. அதன் மேற்புறம் முழுக்கச் சின்னச் சின்னக் கம்பளி நூல் துண்டுகளை வரிசையாக ஒட்டியிருந்தார்கள். விசிறி ஓடத் தொடங்கியதும் எல்லா நூலும் வகிடெடுத்துச் சீவிய தலைமுடி மாதிரி பின்பக்கம் படிந்தன. லேப் உதவியாளர் கைப்பிடியைத் திருகி இறக்கையை 2 டிகிரி, 4 டிகிரி என்று நிமிர்த்திக்கொண்டே போனார். தராசு முள் தூக்குவிசை கூடுவதைக் காட்டியது. 12 டிகிரி அளவில் பின்முனை நூல்கள் மட்டும் நடுங்க ஆரம்பித்தன. 15ஐத் தொட்டதும் பாதி இறக்கையின் நூல்கள் கிளம்பி முன்னும் பின்னும் பேய் பிடித்ததுபோல ஆடின. தராசு முள் பொத்தென்று விழுந்தது. காற்று இறக்கையை விட்டு விலகிப்போய்விட்டது. ஸ்டால் என்று இதற்குப் பெயர். சூத்திரம் சரியாகப் போடாத காத்தாடி படபடத்துச் சரிவதும் இதன் ஒன்றுவிட்ட சொந்தம்தான். அதுவரை கரும்பலகையில் ஒரு கோடாக இருந்தது, அந்தக் கம்பளி நூல்களால் எனக்குக் கண்முன் நடந்த விஷயமாயிற்று.

ஆக, முதல் கேள்வி: காற்று என்ன செய்கிறது? இந்தப் படிப்பில் இதைப்போல இன்னும் மூன்று கேள்விகள் இருக்கின்றன. உடம்பு உடையாமல் இருக்குமா, தள்ளுவது எது, சொன்னபடி கேட்குமா.

உடம்பைப் பற்றிய பாடம் ஸ்ட்ரக்சர்ஸ். பெரம்பூரில் 1955 அக்டோபர் 2இல் திறந்த ரயில்பெட்டித் தொழிற்சாலையின் பெயரில் 'இன்டெக்ரல்' என்ற சொல் எதற்கு என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? அந்தப் பக்கம் பேருந்தில் பல வருஷம் போய்வந்தும் நான் யோசித்ததில்லை. பழைய பெட்டிகளில் கீழே இரும்புச் சட்டம்தான் சுமையைத் தாங்கும், மேலே இருக்கிற கூடு வெறும் கூரையும் சுவரும். பெரம்பூர் பெட்டியிலோ அடிச்சட்டம், பக்கச்சுவர், கூரை எல்லாம் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு ஒரு குழாய் மாதிரி சேர்ந்து சுமையைத் தாங்குகின்றன. எல்லாம் ஒருங்கிணைந்த உடம்பு, அதனால் அந்தப் பெயர். விமானத்தின் உடலும் இதே யோசனைதான். மெல்லிய அலுமினியத் தோல், உள்ளே வளையங்கள், நீளவாட்டில் விறைப்புக் கம்பிகள். தோலும் சுமை தாங்கும் என்பதால் எடை குறைகிறது. எடை எவ்வளவு குறையும், எங்கே விரிசல் விழும், எத்தனை முறை ஏறி இறங்கினால் உலோகம் களைத்துப்போகும் என்பதைத்தான் நாலைந்து பாடங்களாகப் பிரித்து நடத்துவார்கள்.

இன்னொரு உதாரணம் காசிமேட்டுக் கரையிலேயே இருக்கிறது. ஃபைபர் படகு அடிபட்டால் என்ன செய்கிறார்கள்? உடைந்த இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, கண்ணாடியிழை விரிப்பைக் கத்தரித்து வைத்து, ரெசினில் கெட்டியாக்கும் திரவத்தைக் கலந்து ஊற்றி, உருளையால் அழுத்தி அழுத்தி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுகிறார்கள். ஒரு குமிழ் உள்ளே தங்கிவிட்டாலும் நாளைக்கு அந்த இடம்தான் பிளக்கும் என்று அந்த வேலை செய்யும் எவருக்கும் தெரியும். போயிங் 787 விமானத்தின் எடையில் பாதி இதே வம்சத்துப் பொருள்தான். கண்ணாடியிழைக்குப் பதில் பெரும்பாலும் கரியிழை, உருளைக்குப் பதில் வெற்றிடப் பையும் பெரிய அழுத்த அடுப்பும், கண்ணால் பார்ப்பதற்குப் பதில் மீயொலிச் சோதனை. கல்லூரி லேபில் முதன்முதலாக ரெசின் வாடை வந்தபோது எனக்குக் கரையில் நிற்பது மாதிரியே இருந்தது.

தள்ளுவதைப் பற்றியது ப்ரொபல்ஷன். பேசின் பிரிட்ஜில் எரிவாயுச் சுழலி மின்நிலையம் ஒன்று இருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் எந்திரமும் ஜெட் எஞ்சினும் உடன்பிறந்தவை. காற்றை உள்ளே இழு, அழுத்து, எரிபொருள் சேர்த்து எரி, சூடான வாயுவைச் சுழலி வழியாக வெளியே விடு. மின்நிலையத்தில் அந்தச் சுழலி மின்னாக்கியைச் சுற்றுகிறது. விமானத்தில் பீய்ச்சும் வாயுவும் முன்னால் இருக்கும் பெரிய விசிறியும் விமானத்தை முன்னே தள்ளுகின்றன. வெப்ப இயக்கவியல் பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்களுக்கு இது கஷ்டமில்லை. நான் ஒழுங்காகப் படிக்கவில்லை, ஒரு அரியர் வைத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

ராக்கெட்டில் ஒரு பெரிய வித்தியாசம்: எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனையும் தானே சுமந்துபோக வேண்டும். அதனால்தான் அந்த நம்பமுடியாத கணக்கு. இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் எக்ஸ்.எல். என்ற வகை கிளம்பும்போது 320 டன். 600 கிலோமீட்டர் உயரத்துத் துருவச் சுற்றுப்பாதைக்கு அது கொண்டுபோகக்கூடியது சுமார் 1.75 டன். நூற்றுக்கு ஒரு பங்குகூடத் தேறாது. மீதியெல்லாம் எரிபொருளும், அதை வைத்திருக்கிற கூடும்தான். உயரம் போவது மட்டுமே வேலை என்றால் இவ்வளவு தேவையில்லை. சுற்றுப்பாதையில் நிற்க வினாடிக்கு ஏறத்தாழ ஏழரைக் கிலோமீட்டர் வேகம் வேண்டும். விம்கோ நகர் பணிமனையிலிருந்து விமான நிலையம் வரை மெட்ரோ ஓடுகிற சுமார் 32 கிலோமீட்டரை அந்த வேகத்தில் நாலு வினாடி சொச்சத்தில் கடந்துவிடலாம். மெட்ரோவில் நாம் உட்கார்ந்து தூங்கி எழுந்தாலும் இன்னும் கிண்டி வந்திருக்காது.

அப்புறம் கன்ட்ரோல்ஸ், விமானம் சொன்னபடி கேட்கவைப்பது. இதற்கு மீன்பாடி வண்டியைவிட நல்ல வாத்தியார் இல்லை. முன்பக்கப் பலகையில் சுமையை ரொம்ப முன்னால் தள்ளி ஏற்றிவிட்டால் பின்சக்கரம் தூக்கிக்கொள்ளும், ஓட்டுகிறவர் அந்தரத்தில் மிதிப்பார். விமானத்திலும் எடை மையம் ஓர் எல்லைக்குள் இருந்தாக வேண்டும். சரக்கைப் பின்னால் அதிகம் ஏற்றினால் மூக்கு தானாக மேலே கிளம்பும், அடக்க முடியாது. முன்னால் அதிகம் ஏற்றினால் மூக்கைத் தூக்கவே முடியாது. அந்த எல்லையைக் கணக்கிடுவதும், காற்று ஒரு தட்டுத் தட்டினால் விமானம் தானாகப் பழைய நிலைக்கு வருமா என்று பார்ப்பதும், வராவிட்டால் கணினி அதைப் பிடித்து நிறுத்துவதும் இந்தப் பாடம். காத்தாடிக்கு வால் கட்டுவது எதற்கு என்று கேட்டேன். "அழகுக்கு" என்றாள். அழகுக்கும்தான்.

நாலு வருஷம் எப்படிப் போகும் என்றால், முதல் வருஷம் விமானத்தின் வாசனையே வராது. கணிதம், இயற்பியல், வேதியியல், புரோகிராமிங், டிராஃப்டரைச் சுமந்துபோய் வரையும் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ். பலரும் இங்கேதான் சோர்ந்துபோகிறார்கள். இரண்டாம் வருஷத்தில் பாய்ம இயக்கவியல், வெப்ப இயக்கவியல், பொருள்களின் வலிமை. அவற்றின் மேல்தான் மூன்றாம் வருஷத்தில் மேலே சொன்ன நாலு கேள்விகளும் உட்காரும். கடைசி வருஷம் கணினியில் காற்றோட்டத்தைக் கணக்கிடுவது, ஒரு விமானத்தைக் காகிதத்தில் முழுசாக வடிவமைப்பது, புராஜெக்ட். எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது கணிதம்: வகைக்கெழுச் சமன்பாடுகள், அணிகள், வெக்டர். ராக்கெட் பார்க்கப் பிடிக்கும் என்பது மட்டும் போதாது. 'இந்த எண் எங்கிருந்து வந்தது' என்று நோண்டப் பிடிக்க வேண்டும். அது பிடிக்காதவர்கள் இதில் சேர வேண்டாம் என்றே சொல்வேன், நாலு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டிவரும்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு முதல் செமஸ்டர் கண்ணைக் கட்டும், உண்மைதான். பாடம் புரியும், கேள்வி புரியாது. எனக்கு உதவியது ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு புது ஆங்கிலச் சொல்லுக்கும் பக்கத்தில் பள்ளியில் படித்த தமிழ்ச் சொல்லை எழுதிக்கொண்டே போனேன்: உந்தம், முடுக்கம், திருப்புவிசை. இரண்டாவது செமஸ்டரில் அந்த நோட்டு தேவைப்படவில்லை. இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவன் குமரி மாவட்டத்தில் தமிழ் வழியில் படித்தவர்தான். கணிதத்தில் இளங்கலை முடித்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஏரோநாட்டிக்கல் படித்து 1980இல் பட்டம் பெற்றார்.

அந்த எம்.ஐ.டி. 1949இல் தொடங்கிய கல்லூரி, இப்போது அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம். அப்துல் கலாம் படித்ததும் அங்கேதான். நம் பக்கத்திலிருந்து பீச் ஸ்டேஷன் போய்த் தாம்பரம் வண்டி பிடித்தால் குரோம்பேட்டை. அங்கே சேர பொறியியல் கலந்தாய்வு வழியாகப் போக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் இருக்க வேண்டும். கட்-ஆஃப் 200க்கு: கணித மதிப்பெண் அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. கணிதம் 92, இயற்பியல் 88, வேதியியல் 90 என்றால் 92, 44, 45 சேர்ந்து 181. கணிதத்துக்கு இரட்டிப்பு மதிப்பு என்பதைப் பாப்பாவிடம் மூன்று முறை சொன்னேன். ஐ.ஐ.டி. மெட்ராஸுக்கும், 2007இல் இஸ்ரோவை ஒட்டித் திருவனந்தபுரத்தில் தொடங்கிய விண்வெளிக் கல்லூரியான ஐ.ஐ.எஸ்.டி.க்கும் ஜே.இ.இ. நுழைவுத்தேர்வு எழுதியாக வேண்டும். பாலிடெக்னிக் முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் வருஷத்தில் சேரும் வழியும் இருக்கிறது.

அக்காவுக்கு உண்மையில் வேண்டியிருந்தது இந்தத் தகவல்தான்: ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. மாநகராட்சிப் பள்ளியும் இதில் சேரும். அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கும் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தாசில்தார் அலுவலகத்துக்கு ஜூன் மாதம் ஓடாமல் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள் என்றேன். அக்கா அந்த நிமிஷமே மீன் வாங்க வந்த ஒருவரிடம் பேனா கேட்டுக் கையில் எழுதிக்கொண்டார்.

தனியார் கல்லூரியில் சேர்வதாக இருந்தால் ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். காற்றுச் சுரங்கம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், இருக்கிறது என்பார்கள். அது கடைசியாக என்றைக்கு ஓடியது என்று மூன்றாம் வருஷப் பிள்ளைகளிடம் கேளுங்கள். நான் பார்த்த ஓரிடத்தில் அதன்மேல் பழைய தேர்வுத்தாள் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நேரடியாக இந்தத் துறையில் முதல் வேலை கிடைப்பது மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் அளவுக்குச் சுலபமில்லை. விமானம் வடிவமைக்கும் நிறுவனங்களும் ஆய்வகங்களும் பெரும்பாலும் பெங்களூரில். ஹைதராபாத், திருவனந்தபுரம் அடுத்தவை. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் நேராக விமான நிலையத்தில் இறங்கலாம், ஆனால் விமானம் வடிவமைக்கும் வேலை அங்கே இல்லை. என்னோடு படித்தவர்களில் பாதிக்கு மேல் மென்பொருள் கம்பெனிகளில் இருக்கிறார்கள். கேட் நுழைவுத்தேர்வு எழுதி எம்.டெக். போனவர்கள்தான் பெரும்பாலும் துறையில் நிலைத்தார்கள். இப்போது காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் முளைத்த அக்னிகுல் என்ற நிறுவனம் முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சினை வைத்து 2024 மே 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு ராக்கெட்டைச் செலுத்திக் காட்டியது. குலசேகரன்பட்டினத்தில், ஸ்ரீஹரிகோட்டாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அதே வருஷம் பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ட்ரோன் வேலைகளும் பெருகுகின்றன. இருந்தாலும் இதை நம்பி வீட்டை அடமானம் வைக்கச் சொல்ல மாட்டேன்.

இஸ்ரோவுக்குப் போக இந்தப் படிப்புத்தான் வேண்டும் என்பதும் இல்லை. சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் விழுப்புரம் வீரமுத்துவேல் படித்தது மெக்கானிக்கல், அதுவும் டிப்ளமோவிலிருந்து தொடங்கியவர். ஒரு ராக்கெட்டுக்கு வேதியியல்காரரும் வேண்டும், எலக்ட்ரானிக்ஸ்காரரும் வேண்டும், பற்றவைப்பவரும் வேண்டும். எம்.ஐ.டி.யோ அதற்கு நிகரான இடமோ கிடைத்தால் ஏரோ எடு, கிடைக்காவிட்டால் நல்ல கல்லூரியில் மெக்கானிக்கல் எடுத்துவிட்டு மேற்படிப்பில் இந்தப் பக்கம் திரும்பு. பாப்பாவுக்கு நான் சொன்னது இதுதான். அவளுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

போன மாதம் ஒரு பி.எஸ்.எல்.வி. கிளம்பிய அன்று மாடிக்கு வந்தாள். எங்கள் பக்கத்து மொட்டை மாடிகளுக்கு இது ஒரு கொடுப்பினை. திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்திலிருந்து ஸ்ரீஹரிகோட்டா நேர்கோட்டில் 60 கிலோமீட்டர் அளவுதான். வடக்கே ஓர் ஆரஞ்சுப் புள்ளி எழும்பி, வெள்ளைப் புகையை இழுத்துக்கொண்டு கடல் பக்கம் சாய்ந்தது. தெருவில் எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அவள் மட்டும் போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டிருந்தாள்.

"இன்னா எண்ற?"

"சத்தம் வருதான்னு பாக்கறேண்ணா. ஒலி வினாடிக்கு 343 மீட்டர். 60 கிலோமீட்டருக்கு 175 வினாடி. மூணு நிமிசத்துக்குக் கொஞ்சம் கம்மி."

சரியான கணக்கு. ராக்கெட்டின் அடியில் இருக்கும் முதல் கட்டம் 110 வினாடி அளவில் எரிந்து தீர்ந்துவிடும். அந்தச் சத்தம் நம்மிடம் வந்து சேர்வதற்குள் அதைப் போட்ட கட்டம் கழன்று கடலை நோக்கி விழுந்துகொண்டிருக்கும் என்றேன். 170, 175, 180. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் ஒன்றுதான் கேட்டது. 200 வரை பார்த்துவிட்டு நிறுத்தினாள். தூரம் அதிகம், சத்தம் தேய்ந்திருக்கும் என்று ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன்.

"காத்து தெக்கேர்ந்து அடிக்குதுண்ணா. சத்தம் எதிர்க்காத்துல வரணும். அது மேல வளைஞ்சி போயிருக்கும்."

திரும்பிப் பார்த்தேன். கொடியில் காய்ந்துகொண்டிருந்த லுங்கி வடக்குப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தது.